ஈறில் வெட்டிய சதை ஐந்து மாதத்தில் மறுபடி வளர்ந்துவிட்டது, மகளுக்கு என்ன செய்வது?

பவானி தறிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். போன வருடம் ஆடி மாதம் மேல் வரிசையில் முன்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இருக்கிற ஈறு துவரம்பருப்பு அளவுக்குத் தடித்திருந்தது. சூட்டினால் வந்திருக்கும், தானாகப் போய்விடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தீபாவளிக்குள் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது, ஆனால் முறுக்கு மாதிரி எதையாவது கடித்தால் ரத்தம் வரும், காலையில் பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் சிவந்துபோகும். கார்த்திகையில் பக்கத்து ஊரில் ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பார்த்தவுடன் "சும்மா சதைதான்" என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, கரண்ட் கருவியால் பத்து நிமிடத்தில் சுட்டு எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுத்த சதையைப் பஞ்சில் வைத்து எனக்குக் காட்டினார்கள், அப்புறம் அந்தப் பஞ்சோடு சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

இப்போது சித்திரை. அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது, புளியங்கொட்டை அளவு இருக்கும், முன்பைவிடக் கெட்டியாகவும் இருக்கிறது. இரண்டு பல்லும் விலகி நடுவே சந்து விழுந்துவிட்டது. மகள் யாரிடமாவது பேசினால் துப்பட்டா நுனியால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். பக்கத்து வீட்டில் யாரோ "புற்றாக இருந்தால்தான் வெட்ட வெட்ட வளரும்" என்று சொல்லிவிட, என் மனைவி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று ஈரோட்டில் வேறு ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். அவர் நிதானமாகப் பார்த்து, சின்ன எக்ஸ்ரே எடுத்து, "பெரிஃபெரல் ஆஸிஃபையிங் ஃபைப்ரோமாவாக இருக்கலாம், பயாப்ஸி வந்தால்தான் உறுதியாகச் சொல்வேன், இந்த முறை அடிவரைக்கும் எடுக்க வேண்டும்" என்று சொல்லிப் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அண்ணன் மகன் அதைப் போனில் தேடினால் தாடை எலும்புக் கட்டி என்றும், தாடையை அறுத்து எடுத்த படம் என்றும் வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் கை ஓடவில்லை.

இது புற்றா? பல்லைப் பிடுங்க வேண்டிவருமா? இந்த முறை எடுத்தால் திரும்ப வராமல் இருக்குமா? தெரிந்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். பிளஸ் ஒன் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முல்லைக்கொடி:

அண்ணா, முதலில் அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள். எனக்கு இதே கட்டி, இதே பெயர், 19 வயதில் வந்தது. கீழ்வரிசைக் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில். இப்போது எனக்கு 30 வயது, எடுத்து பதினோரு வருடம் ஆகிறது, திரும்ப வரவில்லை. நானும் அந்த நாளில் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனேன், அதனால் உங்கள் மகளின் மனம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் பயந்தேன், ஆனால் நடந்தது பல் பிடுங்குகிற நாற்காலியில்தான், மயக்கம் எல்லாம் கொடுக்கவில்லை. ஊசி போடும்போது மட்டும் சுருக்கென்று இருந்தது. அப்புறம் கத்தி பட்டபோது மணலைக் கீறுகிற மாதிரி நறநறவென்று ஒரு சத்தம் மண்டைக்குள்ளே கேட்டது. வலி இல்லை, சத்தம்தான். பயந்து கையைத் தூக்கிவிட்டேன். டாக்டர் நிறுத்தி, "உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கிறது, அதுதான் சத்தம், வேறொன்றும் இல்லை" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தெரிந்திருந்தால் பயப்பட மாட்டாள்.

முடிந்ததும் புண்ணின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு மாவு மாதிரி வைத்து மூடினார்கள், அது ஒரு வாரம் இருந்தது. முதல் நாள் வாய் கொப்பளிக்கவே கூடாது என்றார்கள். ஆறிய தயிர்சாதம், மோர், இட்லி, எல்லாம் மறுபக்கத்தில் மென்றேன். அப்புறம் ஒரு மவுத்வாஷ் கொடுத்தார்கள், அதில் நாக்கு மரத்து டீயின் ருசியே தெரியவில்லை, பல்லிலும் பழுப்புக் கறை படிந்தது. இரண்டு வாரம் கழித்து சுத்தம் செய்தவுடன் கறை போய்விட்டது. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும், எடுத்த இடத்தில் ஈறு கொஞ்சம் இறங்கி அந்தப் பல் மட்டும் நீளமாகத் தெரியும். கீழ்வரிசை என்பதால் எனக்குப் பரவாயில்லை. உங்கள் மகளுக்கு மேல் முன்பல், அதனால் அதைப் பற்றி இப்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஈறு மருத்துவர், மதுரை:

ஐயா, நான் ஈறு சிகிச்சையில் பட்டமேற்படிப்பு முடித்துப் பதினைந்து வருடமாக இதையே செய்துவருகிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதில் பயப்படுகிற மாதிரி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தத் தாடை எலும்புக் கட்டி விஷயம். தாடை எலும்புக்குள்ளேயே வளர்கிற ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா என்று ஒன்று இருக்கிறது, உங்கள் அண்ணன் மகன் பார்த்த படங்கள் அதனுடையவை. உங்கள் மகளுக்குச் சந்தேகப்படுவது ஈறில் மட்டுமே வருவது. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் இரண்டும் உறவு போலத் தெரிகிறது, உண்மையில் சம்பந்தம் கிடையாது. எலும்புக்குள் வருவது உண்மையான கட்டி. ஈறில் வருவது, ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருப்பதால் உடம்பு அந்த இடத்தில் அளவுக்கு மீறிச் சதை போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நாரில் இருக்கும் செல்களிலிருந்து கிளம்புகிறது என்று கருதப்படுகிறது, அதனால்தான் உள்ளே சில சமயம் எலும்புத் துணுக்கு மாதிரி உருவாகிறது. இது புற்றுநோய் அல்ல.

வயதும் இடமும் பொருந்துகிறது. பெரும்பாலும் 10லிருந்து 20 வயதுக்குள், ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம், பாதிக்கு மேல் முன்பல்லிலிருந்து கோரைப்பல் வரைக்கும் உள்ள பகுதியில்தான் வருகிறது. அளவு பொதுவாக 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்.

ஆனால் ஈறில் இப்படி உருண்டையாக வருவது இது ஒன்றுதான் என்று இல்லை. பயோஜெனிக் கிரானுலோமா என்று ஒன்று, தொட்டாலே ரத்தம் கொட்டும், மெத்தென்று சிவப்பாக இருக்கும். ஜெயன்ட் செல் கிரானுலோமா என்று இன்னொன்று, கொஞ்சம் நீலம் பாய்ந்த சிவப்பு. அது வந்தால் ரத்தத்தில் கால்சியமும், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தச் சுரப்பியில் கோளாறு இருந்தாலும் அச்சாக அதே மாதிரி கட்டி வரும். வெறும் நார்ச்சதையான சாதாரண ஃபைப்ரோமாவும் உண்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், எனக்கே தவறியிருக்கிறது. அபூர்வமாக, மிக அபூர்வமாக, வேறு மோசமான ஒன்று இந்த வேஷத்தில் வந்து நிற்கும். ஆகவே வாயிலிருந்து எந்தச் சதையை எடுத்தாலும் அது பயாப்ஸிக்குப் போக வேண்டும். முதல் தடவை அதைக் குப்பையில் போட்டது தவறு, ஐயா, அதை நான் மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. அது போயிருந்தால் உங்கள் வீட்டில் இந்த ஐந்து மாதமும் வேறு மாதிரி போயிருக்கும்.

திரும்ப வந்ததற்குக் காரணமும் அநேகமாக அங்கேதான். மேலே தெரிகிற சதையை மட்டும் எடுத்தால் வேர் அங்கேயே தங்கிவிடும். சரியாகச் செய்வது என்றால் கட்டியோடு அதைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் நல்ல ஈறையும் சேர்த்து, எலும்பின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை வரைக்கும் இறங்கி எடுக்க வேண்டும், அந்த இடத்துப் பல்நாரையும் சுரண்ட வேண்டும். அப்புறம் பக்கத்துப் பற்களின் வேரில் ஒட்டியிருக்கும் பற்காரையை, அதாவது படிந்து இறுகிப்போன அழுக்கை, ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலரும் சின்னதாக நினைக்கிறார்கள், ஆனால் உறுத்துகிற பொருள் அங்கேயே இருந்தால் எவ்வளவு ஆழமாக வெட்டி என்ன பயன்? பழைய ஃபில்லிங் ஏதாவது முனை துருத்திக்கொண்டு இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். இவ்வளவு செய்தும் திரும்ப வரலாம், புத்தகங்களில் 8 முதல் 20 சதவீதம் வரை சொல்கிறார்கள். அதனால் முதல் ஒரு வருடமாவது காட்டிக்கொண்டே இருங்கள். சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் எடுப்பதும் சுலபம்.

பல்லைப் பிடுங்க வேண்டிவருவது அபூர்வம். விலகிய பற்கள் கட்டி போனபின் சில சமயம் கொஞ்சம் தாமாகவே நெருங்கும், இல்லாவிட்டால் ஈறு நன்றாக ஆறியபின் கம்பி போட்டுக்கொள்ளலாம். ஈறு இறங்குவது பற்றி முல்லைக்கொடி சொன்னது சரியான கேள்வி. மேல் முன்பல் என்பதால் பக்கத்து ஈறை நகர்த்தி மூடுவதா, அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து வைப்பதா, இல்லை ஆறட்டும் என்று விட்டுப் பிறகு பார்ப்பதா என்று வெட்டுவதற்கு முன்பே டாக்டரோடு பேசிவிடுங்கள். செலவு இடித்தால் ஏதாவது ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், அங்கே ஈறு துறையும் திசு பரிசோதிக்கும் துறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும். அரசுக் கல்லூரி என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறது. உங்களுக்கு எல்லாமே தூரம்தான்.

பவானி தறிக்காரர்:

டாக்டர், ரொம்ப நன்றி. தங்கச்சி முல்லைக்கொடிக்கும் நன்றி, மகள் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தாள், அந்த மணல் சத்தம் பற்றி மட்டும் மறுபடி மறுபடி கேட்டாள். இன்னும் இரண்டு சந்தேகம். ஈரோட்டு டாக்டர் கத்தி, லேசர் இரண்டும் இருக்கிறது, லேசரில் ரத்தம் குறைவு என்றார். எது நல்லது? அப்புறம் என் அம்மா படிகாரம் கரைத்துக் கொப்பளித்தால் சுருங்கிவிடும், வெட்டவே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் என்ன சொல்வது?

ஈறு மருத்துவர், மதுரை:

பாட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள்: படிகாரம் ரத்தக் கசிவைக் கொஞ்சம் அடக்கும், அதற்கு மேல் உள்ளே எலும்பு மாதிரி இறுகிவிட்டதை எந்தத் தண்ணீரும் கரைக்காது. வெட்டிய புண்ணின்மேல் மட்டும் வேண்டாம், எரியும். கிராம்பு எண்ணெயும் அப்படித்தான், ஈறைச் சுட்டுவிடும்.

லேசரா கத்தியா என்பதைவிட யார் எவ்வளவு ஆழம் போகிறார் என்பதுதான் முக்கியம். இரண்டிலும் நன்றாகச் செய்யலாம். உங்கள் மகளுக்கு ஒரு தடவை திரும்ப வந்திருப்பதால், எலும்பின் உறை வரைக்கும் சுரண்ட வேண்டியிருப்பதால், நான் கத்தியைத்தான் எடுப்பேன்.

கண்ணாடித்தட்டு:

நான் வாய்த் திசுக்களைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதும் வேலையில் இருக்கிறேன். லேசர் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. லேசரோ கரண்டோ பட்ட ஓரம் மைக்ராஸ்கோப்பில் கருகி இழுபட்டுத் தெரியும், சின்னத் துண்டாக இருந்தால் ஓரம் சுத்தமாக எடுக்கப்பட்டதா என்று சொல்ல முடியாமல் போகும். லேசர்தான் என்றால் கட்டிக்கு ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், பெரும்பாலும் அந்தப் பாட்டிலை லேபுக்கு எடுத்துப்போவது நோயாளியின் வீட்டுக்காரர்தான். அதனால் இதை உங்களுக்கே சொல்கிறேன். சதை, அதைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் இருக்க வேண்டும், சதையைப் போல பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும், வாய் அகலமான பாட்டில். சலைனிலோ வெறும் தண்ணீரிலோ வந்தால் போகிற வழியிலேயே அழுகத் தொடங்கிவிடும். பெயர், வயது, எந்தப் பல் பக்கம் என்பது பாட்டிலின் மேலேயே எழுதியிருக்க வேண்டும், மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். கூட அனுப்பும் சீட்டில் இது இரண்டாவது தடவை, முதல் தடவை எடுத்தது பரிசோதிக்கப்படவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரே நகலும் சேர்த்துக் கொடுங்கள். இவை எங்களுக்கு எவ்வளவு உதவும் என்று அனுப்புகிற பலருக்குத் தெரிவதில்லை.

ரிப்போர்ட் தாமதமானால் பதறாதீர்கள். உள்ளே எலும்பு மாதிரி இருந்தால் அப்படியே சீவ முடியாது, பிளேடு பட்டுக் கிழிந்துவிடும். அமிலத்தில் போட்டு அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து மென்மையாக்கிய பிறகுதான் மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்போம், அதற்குக் கூடுதலாகச் சில நாள் ஆகும். நாள் ஆகிறதென்றால் ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம் இல்லை. பார்த்தால் செல்கள் நெருக்கமான நார்ச்சதை, நடுநடுவே எலும்புத் துணுக்குகள், சில இடத்தில் பல்வேரின் மேல் இருக்கும் சிமெண்டம் மாதிரி உருண்டைகள், சில இடத்தில் வெறும் சுண்ணாம்புப் பொடி. இதைப் பார்த்தால்தான் இந்தப் பெயரை எழுதுவோம்.

பெயர் வேறாக வந்தாலும் குழம்பாதீர்கள். பெரிஃபெரல் சிமெண்டிஃபையிங் ஃபைப்ரோமா, கால்சிஃபையிங் ஃபைப்ரோபிளாஸ்டிக் கிரானுலோமா, ஆஸிஃபையிங் எப்யூலிஸ் என்று பல பெயர்கள் புழக்கத்தில் உண்டு. 1982ல் கார்ட்னர் என்பவர் எழுதிய பிறகுதான் இப்போதைய பெயர் நிலைத்தது, எலும்புக்குள் வருவது வேறு இது வேறு என்று அவர்தான் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். பெரிஃபெரல் ஓடோன்டோஜெனிக் ஃபைப்ரோமா என்று வந்தால் மட்டும் அது வேறு, இதைவிட அபூர்வம், அதுவும் சாதுவானதுதான்.

செவ்வந்தி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, மேல் ஈறில் சிவப்பாக ஒரு சதை, பல் தேய்த்தாலே ரத்தம். நானும் இப்போதே வெட்ட வேண்டுமா டாக்டர்?

ஈறு மருத்துவர், மதுரை:

அம்மா, கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் மேலே சொன்ன பயோஜெனிக் கிரானுலோமா. இப்போது பற்காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் மட்டும் செய்துகொண்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துவாருங்கள், ஆறாம் மாதத்தில் ஸ்கேலிங் செய்வதில் பயம் இல்லை. பிரசவத்துக்குப் பின் நிறைய பேருக்குத் தானே சுருங்கிவிடும், சுருங்காவிட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் நிற்காமல் வந்தாலோ சாப்பிடவே முடியாவிட்டாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், பல் டாக்டரையும் பிரசவ டாக்டரையும் சேர்த்தே கேளுங்கள். ஆனால் யாராவது ஒரு பல் டாக்டர் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும், இங்கே நான் எழுதியதை வைத்து இருந்துவிடாதீர்கள்.

பவானி தறிக்காரர்:

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வைகாசி முதல் வாரம் ஈரோட்டிலேயே எடுத்தாயிற்று. கத்தியால்தான். முக்கால் மணி நேரம் ஆனது, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முடிந்து வந்ததும் வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியாமல், கையால் கத்தி மாதிரி காட்டி, காதைத் தொட்டு, தலையை ஆட்டினாள். மணல் சத்தம் கேட்டதாம், பயப்படவில்லையாம்.

பாட்டிலை நானே எடுத்துப்போனேன். பெயர் மூடியில்தான் எழுதியிருந்தார்கள், நர்ஸ் அம்மாவிடம் சொல்லிப் பாட்டிலின் மேலும் எழுத வைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது, கார்த்திகையில் குப்பைக்கூடையில் விழுந்த அந்தப் பஞ்சுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன்.

ரிப்போர்ட் பதினோராம் நாள் வந்தது. பெரிஃபெரல் ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா என்றுதான் இருக்கிறது, கெட்ட செல் எதுவும் இல்லை என்று டாக்டர் வரிவரியாகப் படித்துக் காட்டினார். மூன்று பல்லின் வேரிலிருந்து பற்காரை எடுத்தாராம், ஒரு சின்னக் கிண்ணத்தில் காட்டினார், கரும்பச்சையாக அரிசிக் குருணை மாதிரி இருந்தது. தையல் பிரித்தாயிற்று. ஈறு அந்த இடத்தில் கொஞ்சம் மேலே ஏறித்தான் இருக்கிறது, ஆறு மாதம் பார்த்துவிட்டு மூடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்கிறார். அடுத்த செக்கப் ஆவணியில்.

மனைவி அந்த ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறாள். மகள் திங்கட்கிழமை பிளஸ் ஒன் சேரப் போனாள், விண்ணப்பத்துக்கு ஒட்டப் புது போட்டோ வேண்டும் என்றாள். ஸ்டுடியோவில் அண்ணன் "கொஞ்சம் சிரிம்மா" என்றார், சிரித்தாள்.